உடை மாற்ற ஆள் வராத கூடம்: சிட்னி பாண்டை பெவிலியன் மறுவடிவமைப்பு

சிட்னியின் பாண்டை கடற்கரைக்குப் போய்வந்தவர்களுக்கு மணலும் அலையும் மட்டுமல்லாமல், பூங்காவின் கடலோரத்தில் வளைவு வளைவாக நீண்டு கிடக்கும் வெளிர்நிறக் கட்டடமும் நினைவில் இருக்கும். அதுதான் பாண்டை பெவிலியன். இன்று அங்கே நாடகம் பார்க்கலாம், களிமண் வனையலாம், ஓவியக் கண்காட்சி பார்க்கலாம், கீழே உட்கார்ந்து காபி குடிக்கலாம். 1929 டிசம்பர் 21 அன்று திறந்தபோது அதன் முதல் வேலை வேறு. கடலில் இறங்க வருகிறவர்கள் கோட்டு, தொப்பி, காலணி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு நீச்சலுடைக்கு மாறிக்கொள்ள ஒரு கூடம் வேண்டும். அதற்காக 12,000 பேருக்கு இடம் வைத்துக் கட்டினார்கள்.

அந்த 12,000 பேரும் வராமல் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கட்டடம் மட்டும் நின்றது. ஒருவழியாக 2020 மே மாதம் வேலை தொடங்கி, 2022 செப்டம்பர் 21 அன்று புதுப்பிக்கப்பட்ட பெவிலியன் திறக்கப்பட்டது. செலவு சுமார் 4.8 கோடி ஆஸ்திரேலிய டாலர். கட்டடக் கலை நிறுவனம் டாங்கின் ஜுலைகா கிரீர். பழைய கடற்கரைக் குளியல் கூடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் எந்த நகரசபைக்கும் இந்தக் கதையில் விஷயம் இருக்கிறது. சுவரைச் செப்பனிட்ட விதத்தைவிட, சுவருக்குள் யார் இருக்கலாம் என்று சண்டை போட்டுத் தீர்த்த விதத்தில்தான் அது அதிகம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இவ்வளவு பெரிய உடைமாற்றும் அறை எதற்கு?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சிட்னிக் கடற்கரைகளில் பகல் நேரத்தில் கடலில் குளிக்கத் தடை இருந்தது. விடிகாலையிலும் இருட்டிய பிறகும் குளிக்கலாம், நடுவில் கூடாது. 1902-இல் மேன்லி கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே பட்டப்பகலில் கடலில் இறங்கி அந்தத் தடைக்குச் சவால் விட்டார். அடுத்த ஆண்டே தடை தளர்ந்தது. அதன்பின் கூட்டம் கடலை நோக்கித் திரண்டது. குளிக்கலாம் என்று ஆனதும், எங்கே உடை மாற்றுவது, எவ்வளவு உடுத்தியிருக்க வேண்டும் என்ற கேள்விகள் வந்தன. 1911-இல் பாண்டையில் கோட்டை மாதிரி கோபுரம் வைத்த ஒரு உடைமாற்றும் கொட்டகை எழுந்தது. 1920களில் அதுவும் போதவில்லை.

அப்போது பெரும்பாலானவர்கள் வந்தது டிராமில். நகரத்துக்குள் எப்படி உடுத்துவார்களோ அப்படியே வருவார்கள். நீச்சலுடையோடு டிராமில் ஏறுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆக, டிராம் நிறுத்தத்துக்கும் அலைக்கும் நடுவே ஒரு பெரிய இடைநிலையம் தேவைப்பட்டது. பாண்டை அடங்கிய பகுதியை நிர்வகிக்கும் வேவர்லி நகரசபை 1923-இல் வடிவமைப்புப் போட்டி அறிவித்தது. ராபர்ட்சன் அண்ட் மார்க்ஸ் நிறுவனத்தின் வடிவம் தேர்வானது. பூங்காவையும் கடற்கரை முகப்பையும் சேர்த்துச் சீரமைக்கும் பெரிய திட்டத்தின் நடுநாயகமாக பெவிலியன் வந்தது.

வரைபடத்தைப் பார்த்தால் யோசனை உடனே பிடிபடும். நடுவில் இரண்டு மாடிக் கட்டடம். மேலே நடன மண்டபம். இருபுறமும் தாழ்ந்த சிறகுகள், அவற்றுக்குள் வானம் பார்த்த முற்றங்கள், அந்த முற்றங்களில் வரிசை வரிசையாக உடைமாற்றும் தடுப்பறைகள். துருக்கிக் குளியல், சூடான கடல்நீர்க் குளியல், உடற்பயிற்சிக் கூடம், கடைகள், உணவகம் எல்லாம் உண்டு. உடை மாற்றியவர் வண்டிச் சாலையைக் கடக்காமல் நேரே மணலுக்குப் போக நிலத்தடிச் சுரங்கப்பாதைகள் வேறு. கட்டடத்தின் உடல் முழுக்க ஒரே ஒரு செயலைச் சுற்றி அமைந்தது: நகரத்து மனிதரை வாங்கி, கடற்கரை மனிதராக மாற்றி மறுபக்கம் அனுப்புவது.

அந்தச் செயல் மறைந்துவிட்டால் கட்டடத்தின் வயிற்றுப்பகுதி முழுக்கக் காலி. மறுவடிவமைப்பின் மொத்தச் சிக்கலும் இந்த முற்றங்களில்தான் இருந்தது.

பழுதுக்கு முன்பே வந்த முடிவு

இந்த மாதிரிக் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் உப்புக்காற்று, துரு, விரிசல் என்றே தொடங்குவார்கள். பெவிலியனில் வரிசை வேறு. முதலில் வழக்கம் மாறியது, அப்புறம் வருமானம் போனது, அதற்குப் பிறகுதான் பராமரிப்பு தளர்ந்தது.

1935-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் நீச்சலுடைக்கு அங்குலக் கணக்கில் சட்டம் போட்டது. கால் மறைப்பு குறைந்தது 3 அங்குலம் இருக்க வேண்டும். பாண்டையில் கடற்கரை ஆய்வாளர்கள் அளவு பார்த்து ஆட்களை வெளியேற்றிய காட்சிகள் அந்தக் காலப் புகைப்படங்களில் இருக்கின்றன. 1961-இல் அந்த அளவுக் கணக்கைக் கைவிட்டு, பொருத்தமான உடை என்ற பொதுவான வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 1960-இல், பாண்டை டிராமும் நின்றுபோனது. கார் வைத்திருக்கிறவர் வீட்டிலேயே நீச்சலுடை போட்டு, மேலே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். ஈரத்தோடு இருக்கையில் துண்டை விரித்து உட்கார்ந்து திரும்பிப் போவார். காசு கொடுத்துத் தடுப்பறை எடுக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

1970களில் கட்டடம் வேறு கைகளுக்குப் போனது. நாடகக் குழுக்கள் வந்தன. தடுப்பறைகளும் துருக்கிக் குளியலும் இடிக்கப்பட்டு, 1978-இல் பெவிலியன் சமூக, கலாசார மையமாகத் திறந்தது. மேலே நாடக அரங்கு. அறைகளில் மட்பாண்டப் பட்டறை, இசைப் பயிற்சி, கூட்டங்கள். வாடகை குறைவு, கட்டடம் பாடாவதி, ஜன்னலுக்கு வெளியே உலகப் புகழ்பெற்ற கடல். பணம் இல்லாத கலைஞர்களுக்கு இதைவிட நல்ல இடம் சிட்னியில் கிடைத்திருக்காது.

2008-இல் பாண்டை கடற்கரை ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மாநிலப் பட்டியலிலும் இடம் பிடித்தது. இடிப்பது என்ற பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் பட்டியலில் சேர்ந்தால் சுவரைத்தான் காப்பாற்றலாம். மட்பாண்டச் சூளையை எடுத்துவிட்டு அந்த அறையில் கல்யாண வரவேற்பு நடத்தக் கூடாது என்று பட்டியல் சொல்லாது.

2015 முதல் 2017 வரை

2015-இன் இறுதியில், லிபரல் கட்சியின் கையில் இருந்த வேவர்லி நகரசபை 3.8 கோடி டாலர் மதிப்பில் பெவிலியனையும் சுற்றுப்புறத்தையும் மேம்படுத்தும் திட்டத்தை வெளியிட்டது. கட்டடம் பழுதாகிக் கிடக்கிறது, கழிவறைகள் மோசம், உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தகராறு மேல்தளத்தில் வந்தது. கடலைப் பார்க்கும் அந்தத் தளத்தில் வணிகப் பயன்பாட்டுக்கு இடம் ஒதுக்குவதா, சமூக அறைகளும் நாடக அரங்கும் அங்கேயே நீடிப்பதா?

நகரசபைத் தரப்பு வாதத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. வேவர்லி சின்ன நகரசபை. சுமார் 70,000 பேர் வாழும், 9 சதுர கிலோமீட்டர் பரப்பளவுக்குள் அடங்கிவிடும் பகுதி. அங்கே வரி கட்டுகிறவர்கள் இவர்கள் மட்டும்தான். கடற்கரையில் கால் வைக்கிறவர்களோ உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள். கடலோரக் கட்டடம் பராமரிப்பில் காசைத் தின்னும். நல்ல வாடகை தரும் இடத்தை வாடகைக்கு விடாமல் எப்படிச் சமாளிப்பது என்று கணக்குப் பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

எதிர்ப்பாளர்களின் பதிலும் கணக்குதான், வேறு விதமான கணக்கு. கடற்கரை முழுக்கவே உணவகங்கள் இருக்கின்றன. பணம் கொடுக்காமல் ஒரு மழை நாளில் ஒதுங்கி உட்காரவும், கொஞ்சம் பணத்தில் நாடகம் ஒத்திகை பார்க்கவும் இருக்கும் ஒரே இடம் இதுதான். அதைக் கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. பொதுக்கூட்டம், இசை நிகழ்ச்சி, கையெழுத்து என்று இயக்கம் வளர்ந்தது. 2017 செப்டம்பர் நகரசபைத் தேர்தலில் பெவிலியன் பெரிய பிரச்சினையாகவே இருந்தது. பெரும்பான்மை மாறி, தொழிற்கட்சியும் பசுமைக் கட்சியும் சேர்ந்து நிர்வாகத்துக்கு வந்தன. பழைய திட்டத்தைக் கைவிட்டு, பயன்படுத்துகிறவர்களையும் உட்காரவைத்துப் பேசிப் புதிய திட்டம் தயாரித்தார்கள்.

புதிய திட்டத்தின் சமரசத்தைக் கவனியுங்கள். வணிகத்தை அவர்கள் வெளியே தள்ளவில்லை. கீழ்த்தளத்தில் கடலைப் பார்க்கும் முகப்பில் உணவகங்களும் கடைகளும் வாடகைக்கு உண்டு. 1929-லும் அங்கே கடைகள் இருந்தவைதான். மேல்தள அரங்கும் சமூக அறைகளும் பொதுமக்களுக்கே. வடிவமைப்பு வேலையில் முக்கால்வாசி இந்த ஒரு பங்கீட்டிலேயே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மீதியைத் திறமையான எந்தக் கட்டடக் கலைஞரும் செய்துவிடுவார். நம் ஊரிலும் சரி, எங்கேயும் சரி, பொதுக் கட்டடத் திட்டங்களில் இந்தப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முப்பரிமாணப் படங்களை முதலில் வெளியிடுவார்கள். படம் வெளியானதும் மக்கள் கேட்பது, எங்கள் அறை இதில் எங்கே என்றுதான்.

கட்டடத்தில் செய்தது

மறுவடிவமைப்பின் போக்கைச் சுருக்கமாகச் சொன்னால், கழிப்பது அதிகம், சேர்ப்பது குறைவு. பல பத்தாண்டுகளில் ஒட்டுப்போட்ட தடுப்புகளையும் பின்னால் சேர்த்தவற்றையும் எடுத்து, 1920களின் வளைவுகளையும் தூண் வரிசைகளையும் திரும்ப வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். தடுப்பறைகள் நின்ற முற்றங்கள் இப்போது திறந்த பொது வெளி. அரங்கைப் புதுப்பித்தார்கள். ஓவியக் கூடம், மட்பாண்டப் பட்டறை, இசை அறைகள், சமூக அறைகள், பாண்டையின் வரலாற்றைச் சொல்லும் ஒரு அறை, புதிய கழிவறைகள், ஷவர்கள் எல்லாம் உள்ளே வந்தன.

முற்றங்களைக் காலியாக விட்டதுதான் எனக்குப் பிடித்த முடிவு. இவ்வளவு பணம் போட்டு இவ்வளவு இடத்தை வெறுமனே விடுவதா என்று யாராவது கேட்டிருப்பார்கள். கூரை போட்டு இன்னும் நான்கு அறை எடுத்திருக்கலாம். ஆனால் கடற்கரையில் காற்று ஒரு பெரிய தொந்தரவு. தெற்கிலிருந்து திடீரென்று காற்று அடித்தால் மணலில் உட்கார முடியாது; குழந்தைகளின் கண்ணில் மணல் விழும். நான்கு பக்கமும் கட்டடம் மறைத்த முற்றம் அந்த நேரத்தில் கிடைக்கும் வசதியை எந்த அறையும் தராது. 1929-இல் பார்வையிலிருந்து மறைவு கொடுக்கக் கட்டிய சுவர், இப்போது காற்றிலிருந்து மறைவு கொடுக்கிறது.

கட்டுமானப் பணியும் சுலபமான காலத்தில் நடக்கவில்லை. பெருந்தொற்றால் 2020 மார்ச் 21 அன்று பாண்டை கடற்கரையையே மூடியிருந்தார்கள். 2021 ஜூலையில் சிட்னி முழுக்கக் கட்டட வேலைகளைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள்.

கடலோரத்தில் கட்டடம் பார்க்கிறவர்களுக்காக, உப்பின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை கான்கிரீட்டின் காரத்தன்மையே பாதுகாக்கிறது. காற்றில் வரும் உப்பு ஆண்டுக்கணக்கில் நுண்துளைகள் வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தக் காப்பு உடைகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெம்பி கான்கிரீட்டைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். மேலே சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்காலம் வரை நன்றாகத் தெரியும். உள்ளே துரு வேலையைத் தொடரும். உருப்படியான வழி, கம்பிக்குப் பின்பக்கம் வரை உடைத்தெடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேய்ந்திருந்தால் புதுக்கம்பி சேர்த்து, பழுதுபார்ப்புக்கென்றே உள்ள கலவையால் நிரப்புவது. மெதுவான, தூசியும் சத்தமும் நிறைந்த வேலை. டெண்டர் போடும்போது எத்தனை இடத்தில் உடைக்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது; தட்டிப் பார்த்து, சத்தம் பொள்ளலாகக் கேட்கும் இடமெல்லாம் உடைக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட கட்டடங்களில் செலவு ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று மணல். ஷவர் அறைத் தரையை எவ்வளவு அழகான டைலில் போட்டாலும், ஒவ்வொரு காலிலும் ஒரு பிடி மணல் வரும். தரையின் சாய்வு போதாவிட்டால் மணல் தேங்கும். சாய்வு அதிகமானால் ஈரக்காலோடு வயதானவர்கள் வழுக்குவார்கள். வடிகாலுக்கு முன்னால், கை விட்டு அள்ளும் வசதியோடு மணல் தங்கும் தொட்டி இருந்தாக வேண்டும். அதை வரைபடத்தில் மறந்துவிட்டால் முதல் கோடையிலேயே குழாய் அடைக்கும். கதவுக் கீல், கைப்பிடி எல்லாம் 316 தர எவர்சில்வரில் போட்டாலும் உப்பை நல்ல தண்ணீரால் அவ்வப்போது கழுவாவிட்டால் டீ கொட்டின மாதிரி பழுப்புக் கறை படரும். கழுவ ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

மற்ற இரண்டு கூடங்கள்

இதே கேள்விக்கு வேறு பதில் சொன்ன இடங்கள் உண்டு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜேக்கப் ரீஸ் பூங்காவின் குளியல் கூடம் 1932-இல் திறந்தது. நான்கைந்து ஆண்டுகளுக்குள்ளேயே நகரப் பூங்காத் துறைத் தலைவர் ராபர்ட் மோசஸின் நிர்வாகம் அதை மாற்றிக் கட்டியது. 1970களில் பூங்கா தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்து நொறுக்கியது. அரசிடம் முழுதாகச் சீரமைக்கப் பணம் இல்லை என்ற நிலையில், நீண்டகாலக் குத்தகைக்குத் தனியாரிடம் விடும் வழியை எடுத்தார்கள்: தங்கும் அறைகள், நீச்சல் குளம், உணவகங்கள், சுமார் 5 கோடி அமெரிக்க டாலர் முதலீடு. கூரை தப்பிக்கும், சரி. மக்களின் கடற்கரை என்றே பெயர் வாங்கிய இடத்தில் நீச்சல் குளத்துக்கு நுழைவுச்சீட்டு எவ்வளவு என்பதுதான் அங்கே பேச்சு.

இன்னொன்று பழைய கதை. சான் பிரான்சிஸ்கோவின் அக்வாட்டிக் பார்க் குளியல் கூடத்தை 1930களின் வேலையின்மைக் காலத்தில், அமெரிக்க அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில், கப்பல் மாதிரி உருவத்தில் கட்டினார்கள். பொதுமக்களின் மாளிகை என்று சொல்லிக் கட்டி, 1939-இல் திறந்ததும் தனியாரிடம் உணவகக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். கடலைப் பார்த்த தாழ்வாரத்தில் டைல் ஓவியம் பதித்துக்கொண்டிருந்த சார்ஜெண்ட் ஜான்சன் என்ற கலைஞர் கோபத்தில் வேலையை நிறுத்திவிட்டார். அந்தச் சுவரின் ஒரு பகுதி இன்றும் டைல் பதிக்காமல் வெறுமையாகவே இருக்கிறது. கட்டடம் 1951 முதல் கடல்சார் அருங்காட்சியகமாகி, இன்று தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது.

ஆக, குத்தகை யோசனை ஒன்றும் புதிதில்லை. அக்வாட்டிக் பார்க்கில் கூடம் பொதுவுக்குத் திரும்ப வந்தது. ஆனால் எல்லாக் குத்தகையும் அப்படிச் சீக்கிரம் முடிவதில்லை.

என் சந்தேகங்கள்

பெவிலியனை வெற்றி என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இலவச வெற்றி இல்லை. 3.8 கோடி என்று தொடங்கிய பேச்சு 4.8 கோடியில் முடிந்தது. இரண்டும் ஒரே திட்டம் இல்லை என்பதால் நேராக ஒப்பிட முடியாது, என்றாலும் ஒரு சிறிய நகரசபைக்கு அது பெரிய தொகைதான்.

பெரிய சந்தேகம், புதுப்பித்த அறைகளின் வாடகை பற்றியது. பாடாவதியாக இருந்தபோது கலைஞர்களுக்கு மலிவாகக் கிடைத்த அறை, பளபளப்பானதும் மலிவாகவே கிடைக்குமா? அறையை யாரும் விற்கவில்லை, குத்தகைக்கும் விடவில்லை. ஆனால் டிசம்பர் மாதச் சனிக்கிழமை மாலையில், கடலைப் பார்க்கும் அந்த மேல்தள அறையை ஒரு நிறுவன விருந்து கேட்கிறது, ஒரு நாடகக் குழு ஒத்திகைக்குக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை வரைபடம் தீர்மானிக்காது. நகரசபை போடும் கட்டணப் பட்டியலும், சமூகக் குழுக்களுக்கு அதில் கிடைக்கும் சலுகையும்தான் தீர்மானிக்கும். 2017-இல் தேர்தல் வரை போன அதே விவகாரம், இப்போது வரவுசெலவுத் திட்டத்தின் பின்னிணைப்பில் சின்ன எழுத்தில் வரும். அந்தப் பக்கத்தைப் படிக்கப் பாண்டைக்காரர்கள் எத்தனை பேர் மெனக்கெடுவார்கள் என்று தெரியவில்லை.

உடை மாற்றுகிற தேவையும் முழுக்க ஒழிந்துவிடவில்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், ரயிலும் பஸ்ஸும் மாறித் தூரத்துப் புறநகரிலிருந்து வருகிறவர்கள், காலையில் நீந்திவிட்டு நேரே அலுவலகம் போகிறவர்கள் எல்லோருக்கும் கதவு பூட்டுகிற, தரை காய்ந்த, கொக்கி வைத்த ஒரு அறை வேண்டும். எண்ணிக்கை 12,000 இல்லை, அவ்வளவுதான். புதிய கழிவறையும் ஷவரும் திறப்பு விழாப் படங்களில் இடம் பிடிக்கவில்லை; ஆனால் கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை நிற்பது அங்கேதான்.